டாம்சின் ஜேகோவின் மஞ்சள் விளக்கு

டாம்சின் ஜேகோவை எங்கள் போர்த்வீனில் யாருக்கும் பிடிக்காது. எனக்கு எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்தொன்பது வருடம் அவளுடைய படகைக் கரையேற்றியவன் நான். அத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு நன்றி வந்ததில்லை, என் வாயிலிருந்து ஒரு காலை வணக்கம் போனதுமில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எங்கள் ஊர் மாதிரி சின்ன இடங்களுக்குத் துறைமுகம் கிடையாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் கூழாங்கல் கரை, அதற்கு மேலே ஒரு குடிசை, குடிசைக்குள் கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச். வரும் படகின் மூக்கில் கம்பி வடத்தின் கொக்கியை மாட்டியதும் நான் வின்ச்சை ஓட்டினால் படகு மேலே வரும். ஓட்டாவிட்டால் அலை அதைக் கல்லில் போட்டு உடைக்கும். ஒன்பது படகுகள், ஒரு வின்ச், ஒரு ஹெட்லி கர்னோ. ஆகவே இந்த ஊரில் எவனும் என்னைப் பகைத்துக்கொள்ள மாட்டான். டாம்சின் பகைத்துக்கொண்டாள்.

அவள் கடற்கரைக்காரியே இல்லை. உள்நாட்டில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகள். பாஸ்கோ ஜேகோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். பாஸ்கோ முதுகு வலி என்று இரண்டு மாதம் படுத்துக் கிடந்தான். முதுகு சரியானதும் வீடு விற்றுக்கொடுக்கும் ஒரு பெண்ணோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டான். அவளுக்கு மிஞ்சியது 'லவ்டே' என்கிற பதினெட்டு அடிப் படகு. என் மனைவியின் அண்ணன் டென்சில், ஊரிலேயே பெரிய படகுக்காரன், அதை விலைக்குக் கேட்டுப் போனான். கதவைத் திறந்தவள் முழுதாகக் கேட்காமலே சாத்தினாள். அடுத்த திங்கட்கிழமை பாஸ்கோவின் மழைக்கோட்டை மாட்டி, கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றாள்.

முதல் நாளே என் கம்பி வடத்தைத் தடவிப் பார்த்து, "இது அறுந்தா யார் தலை போகும் ராசா, உன்னுதா என்னுதா?" என்றாள். எங்கள் பக்கம் பால்காரர், பாதிரியார் எல்லோரையும் ராசா என்றுதான் கூப்பிடுவோம். அவள் சொன்னால் மட்டும் அது வசவு. வடத்தை மாற்றினேன், அவள் சொன்னதற்காக அல்ல. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் அவள் படகு அலையில் நிற்க, நான் குடிசைக்குள் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தேன். அவள் தொப்பலாக நனைந்து மேலே வந்து, படகின் அடியில் தேங்கிய நாற்றத் தண்ணீரை ஒரு வாளி அள்ளி என் குடிசை வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கி அப்படியே தொடர்ந்தது.

அவளிடம் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. நண்டு அவளுக்குத்தான் கிடைத்தது. கடலுக்கடியில் நண்டு தங்கும் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்போம். அவளுக்கு மூன்று பார்கள் தெரியும். பாஸ்கோவுக்கே தெரியாதவை, தானே தேடிக் கண்டுபிடித்தவை. எங்கே என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஏனென்றால் பாரின் இடத்தைக் கேட்பது எங்கள் ஊரில் ஒருவன் மனைவியைப் பற்றித் தவறாகக் கேட்பதற்குச் சமம். கடலுக்குப் போகும்போது நேராகப் போக மாட்டோம், சுற்றித்தான் போவோம். வயர்லெஸ்ஸில் எவன் எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும், உண்மையில் எங்கிருந்தாலும், 'பென்டூ முனைக்குத் தெற்கே' என்பதுதான் பதில். டென்சிலுக்கு ஒரு தடவை கடலில் எஞ்சின் நின்றுபோய், உதவிப் படகைக் கூப்பிட்டான். அப்போதும் ஒரு மைல் தள்ளித்தான் இடம் சொன்னான். உதவிக்கு வந்தவர்கள் மூன்று மணி நேரம் தேடினார்கள். அதை அவன் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

ஒரு மார்ச் மாதம், மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பல் லவ்டேயை இடிக்கப் பார்த்தது. பனிக்குள்ளிருந்து கறுப்புச் சுவர் மாதிரி வந்து, நண்டு பிடிக்கக் கடலடியில் இறக்கும் கூடுகளைக் கட்டிய மிதவைமேல் ஏறி நசுக்கிக்கொண்டு, அவள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் தாண்டிப் போனது. அன்று கரைக்கு வந்தவள் யாரையும் திட்டவில்லை. கொக்கி மாட்ட வந்த டென்சிலைப் பார்த்து "நன்றி" என்றாள். டென்சில் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்து சொன்னான்.

மறுநாள் அவள் பப்புக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். எல்லாம் ஏ.ஐ.எஸ். கருவிகளின் விளம்பரத் தாள்கள். நம் படகின் பெயரையும் இடத்தையும் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் ஒரு சின்ன முக்கோணமாகக் காட்டும் கருவி அது. பெரிய கப்பல்களுக்குச் சட்டப்படி கட்டாயம், எங்களைப் போன்ற சுண்டைக்காய்ப் படகுகளுக்கு விருப்பம். ஒரு மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி, மூக்குக்கண்ணாடி போட்டு, மூன்று நாள் படித்தாள். ஊரே மூக்கை நுழைத்தது.

கடைசியில் மூன்று கருவிகளில் வந்து நின்றது. முதலாவது நூற்றிருபது பவுண்டு. அதற்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது. கப்பல்கள் நமக்குத் தெரியும், நாம் அவர்களுக்குத் தெரிய மாட்டோம். இரண்டாவது முந்நூற்றைம்பது. காதும் வாயும் உண்டு, ஆனால் மெல்லிய வாய். அரை நிமிடத்துக்கு ஒரு முறை பேசும், நெரிசலாக இருந்தால் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும். மூன்றாவது அறுநூறு. உரக்கப் பேசும், யாருக்காகவும் காத்திராது. அதோடு, வேண்டாதபோது வாயை மூடிக்கொள்ள ஒரு பொத்தானும் உண்டு.

முதலாவதே போதும் என்று டென்சில் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு டென்சில். அந்தக் கப்பல் வர்றது எனக்குக் கேட்டுது. அதுக்குத்தான் நான் இருக்கேன்னு தெரியலை."

அவள் எடுத்தது இரண்டாவது. அந்தக் குளிர்காலத்தில் எஞ்சினுக்குச் செலவழித்ததுபோக அவளிடம் அவ்வளவுதான் இருந்தது.

அதோடு ஊர் அவள்மேல் பாய்ந்தது. வெளியூரிலிருந்து வரும் பெரிய நண்டுப் படகுகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே நாளில் ஆயிரம் கூடு இறக்குவார்கள், ஒரு வாரத்தில் ஒரு பாரைச் சுரண்டிவிட்டுப் போவார்கள். கப்பல் திரையில் தெரியும் முக்கோணம் இணையத்திலும் தெரியும், அவர்கள் கரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தால் போதும். லவ்டேயின் முக்கோணம் எங்கே ஒரு மணி நேரம் நிற்கிறதோ அதுதான் பார். அதற்குப் பக்கத்திலேயே எங்கள் பார்களும் இருக்கின்றன. டென்சில் குடிசையில் கூட்டம் போட்டான். இடத்தை ஊருக்கே தண்டோரா போடும் படகை இந்தக் கரையில் ஏற்றுவதில்லை என்று எட்டுக் கையும் உயர்ந்தன. ஏற்றாமல் இருக்க வேண்டியவன் நான். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாவது கருவியில் பொத்தான் இருந்தது என்பதை இங்கே மறுபடியும் சொல்ல வேண்டும். பார் இருக்கும் இடத்தில் அதை அமுக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அதற்கு அவளிடம் பற்றாக்குறை இருநூற்றைம்பது பவுண்டுதான். எட்டுப் படகும் பகிர்ந்தால் ஆளுக்கு முப்பது சொச்சம், ஒரு சனிக்கிழமை பப்பில் விடுகிற காசு. அதை யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே தோன்றியது, நானும் சொல்லவில்லை.

அவளிடம் தீர்மானத்தைச் சொல்லப் போனவன் நான்தான். கேட்டுவிட்டு, கருவி வேண்டுமென்று கடைக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றாள். வேண்டுமானால் தினமும் அலையிலேயே நிற்பேன், படகு உடைந்தால் உடைந்த பலகையை உன் வாசலில் அடுக்குவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான். அதை டென்சிலிடம் சொன்னபோது அவன் சற்று யோசித்து, எனக்கு ஒரு வேலை சொன்னான்.

ஊரில் கம்பி இணைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இருபது வருடம் தொலைபேசிக் கம்பம் ஏறியவன். அந்தக் கருவி பேச வேண்டுமென்றால் படகுக்கு அரசு கொடுக்கும் ஒன்பது இலக்க எண்ணை அதற்குள் பதிய வேண்டும். ஒரே ஒரு முறைதான் பதிய முடியும். தப்பாகிவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதற்குப் பயந்து டாம்சின் எப்படியும் என்னிடம்தான் வருவாள். எண்ணைப் பதியாமல் விட்டுவிட்டால், அதற்குக் காது இருக்கும், வாய் இருக்காது. அவளுக்குத் திரையில் கப்பல்கள் தெரியும், அவளும் சந்தோஷமாக இருப்பாள். நாங்களும் சந்தோஷமாக இருப்போம். டென்சில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.

ஊர் மனசு மாறிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் கருவியோடு வந்தாள். கம்பத்தில் ஏரியலைக் கட்டினேன், கம்பி இழுத்தேன். அவள் எண் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினாள். அதை மடிக்கணினியில் தட்டுவதாகப் பாசாங்கு செய்தேன். கருவியில் பச்சை விளக்கு எரிந்தால் பேசுகிறது, மஞ்சள் எரிந்தால் பேசவில்லை. மஞ்சள் எரிந்தது.

"மஞ்சள் எரியுதே," என்றாள்.

"அதான் சரி. மஞ்சள் எரிஞ்சா எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம்," என்றேன்.

கையேட்டை அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் குடிசை அடுப்பில் போட்டேன். இன்னொன்றும் செய்தேன். கருவியை அவளுடைய ஜி.பி.எஸ்ஸோடு இணைக்கும்போது அதில் அவள் குறித்து வைத்திருந்த மூன்று பார்களும் என் கண் முன்னே இருந்தன. அவள் தேநீர் எடுத்துவரப் போன நேரத்தில் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். திருட்டு, அவ்வளவுதான். தாளைக் குடிசையில் தேயிலை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் காலை குடிசை வாசலில் ஒரு துணியில் சுற்றிய குங்குமப்பூ ரொட்டி இருந்தது. அவளே சுட்டது. ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு அதுகூடவா தெரியாது. பத்தொன்பது வருடத்தில் அவள் என் வாசலில் வைத்த முதல் நல்ல பொருள் அது. நான் முழுவதையும் தின்றேன். நன்றாக இருந்ததே என்று எரிச்சலாக வந்தது.

ஜூன் மாதம் ஒரு காலை, பத்து மணி வாக்கில், தெற்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. எட்டுப் படகும் ஒவ்வொன்றாக ஓடிவந்துவிட்டன. எல்லாவற்றையும் ஏற்றினேன். லவ்டே வரவில்லை. முன்பெல்லாம் பனி என்றால் முதலில் வருபவள் அவள்தான். இப்போது அவளுக்கு மஞ்சள் விளக்கு இருந்தது. கப்பல்களுக்குத் தன்னைத் தெரிகிறது என்று நம்பி, நிம்மதியாகக் கூடு தூக்கிக்கொண்டிருந்தாள். நானும் டென்சிலும் குடிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மூலையில் வயர்லெஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் அவள் குரல் வந்தது. திரையில் கப்பலின் பெயர் தெரிந்திருக்கிறது, பெயர் சொல்லியே கூப்பிட்டாள்.

"கிரெட்டா மாரி, கிரெட்டா மாரி, இது மீன்பிடி படகு லவ்டே. நேரா என்மேல வந்துட்டு இருக்கீங்க. கூடு கட்டின கயிறு கப்பியில மாட்டியிருக்கு, என்னால சட்டுனு நகர முடியாது. நான் தெரியறேன்ல?"

பதில் சொன்னவன் இளவயசுக்காரன், எந்த நாட்டவனோ, மரியாதையாகப் பேசினான்.

"லவ்டே, இங்க எதுவும் தெரியலை மேடம். திரையிலயும் இல்லை, ராடார்லயும் இல்லை. நீங்க எங்க இருக்கீங்க?"

அவள் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பிறகு அவள் சொன்னாள்.

"பென்டூ முனைக்குத் தெற்கே."

டென்சில் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டான். சிரித்த வாய் அப்படியே நின்றது. தெற்கே எவ்வளவு தூரம், எண்ணைச் சொல்லுங்கள் என்று அந்தப் பையன் கேட்டான். மறுபடியும் கேட்டான். எண்கள் அவள் கண் முன்னே இருந்தன, அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது புரிந்தது. எங்கள் ஊரில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் புரியும்.

தேயிலை டப்பாவைத் தள்ளினேன், அது கீழே விழுந்தது. தாளை எடுத்தேன். ஒலிவாங்கியை எடுத்த கையை டென்சில் பிடித்தான்.

"டேய், கடல் பூரா கேக்கும்டா," என்றான்.

கையை உதறினேன்.

"கிரெட்டா மாரி, இது போர்த்வீன் வின்ச் குடிசை. அவ மூணு இடத்துல ஒண்ணுல இருப்பா. எழுதிக்கோங்க."

மூன்றையும் படித்தேன். டிகிரி, நிமிடம், புள்ளிக்குப் பின்னால் உள்ள கடைசி இலக்கம் வரை. இரண்டு முறை படித்தேன். அந்த எண்களைக் கரையில் யார் யாரெல்லாம் கேட்டார்களோ தெரியாது, வெளியூர்ப் பெரிய படகுகள் கண்டிப்பாகக் கேட்டன. அந்தப் பையன், வலப்பக்கம் திருப்புகிறோம் என்றான். பனிக்குள் கப்பலின் சங்கு ஊதியது. நான்கு நிமிடம் கழித்து அவன் குரல் மாறி வந்தது.

"தாண்டிட்டோம். படகைப் பார்த்தோம். ரொம்பப் பக்கம்."

இரண்டு மணி நேரம் கழித்து லவ்டே வந்தது. கயிற்றை அறுத்துவிட்டிருந்தாள். ஒரு வரிசைக் கூடும் போனது. கொக்கியை அவளே மாட்டினாள். நான் ஏற்றினேன். அத்தனை கவனமாக அதற்குமுன் எந்தப் படகையும் நான் ஏற்றியதில்லை. ஊரே நின்று பார்த்தது. அவள் நேராகக் குடிசைக்கு வந்து கையை நீட்டினாள்.

"அந்தத் தாளைக் குடு."

கொடுத்தேன். தன் பார்கள் என் கையெழுத்தில் இருப்பதை ஒரு முறை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

"மஞ்சள்னா என்ன ஹெட்லி?"

"பேசலைன்னு அர்த்தம்," என்றேன்.

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அந்தப் பையன் எங்க இருக்கேன்னு கேட்டான். எண்ணு கண்ணு முன்னாடிதான் இருந்தது. சாகப் போறப்பக்கூட சொல்ல வாய் வரலை. உங்களோட பத்தொன்பது வருஷம் இருந்ததுக்கு நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்."

அந்த வாரமே லவ்டேயை எட்டு மைல் தள்ளியிருந்த பெரிய துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே வின்ச் தேவையில்லை, யாருடைய தயவும் தேவையில்லை. வெளியூர்ப் படகுகள் பத்தே நாளில் வந்து மூன்று பார்களையும், பக்கத்திலிருந்த டென்சிலின் பாரையும் சேர்த்துச் சுரண்டின. டென்சில் என்னோடு பேசுவதில்லை. என் மனைவி அவனோடு பேசுவதற்காக என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எட்டுப் படகில் இப்போது மூன்றுதான் இருக்கின்றன. இதற்கெல்லாம் காரணம் நான் வாயைத் திறந்தது என்கிறார்கள். நான் வாயை மூடியது என்று ஒருவனும் சொல்வதில்லை.

டாம்சின் அடுத்த வருடம் அந்த மூன்றாவது கருவியை வாங்கிவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு கைப்பேசி வாங்கியிருக்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு லவ்டேயின் முக்கோணம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும். பென்டூ முனையைத் தாண்டியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். பொத்தானை அமுக்கிவிடுகிறாள். புதிய பார்கள் கண்டுபிடித்திருக்கிறாள், அதை யாருக்கும் காட்ட மாட்டாள். பத்து, பதினொரு மணிக்கு முக்கோணம் மறுபடி தெரியும்வரை அவள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதுவரை நான் எந்த வேலையும் செய்வதில்லை. அவளை எனக்கு இன்றும் பிடிக்காது.

போன மாதம் தபால் நிலையத்தில் வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். தலை நரைத்துவிட்டது. திரும்பாமலே, நான் தினமும் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னாள். ஆமாம் என்றேன். பல நாள் பென்டூவுக்கு அப்பால் தெரியவில்லையே, ஆபத்தில்லையா என்று கேட்டேன். அப்போதுதான் திரும்பினாள்.

"தெளிஞ்ச நாள்லதான் அமுக்குறேன் ராசா. மூடுபனியில அமுக்கிவிட நான் என்ன ஹெட்லி கர்னோவா?"

பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள். என் முறை வந்தபோது எதற்காக வந்தேன் என்று மறந்துபோய், வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தேன்.